‘வேலைக்குத்தான்’: கல்லூரிப் பிள்ளைகள் ஏன் ஆங்கிலம் படிக்கிறார்கள்?

தாராவியில் 90 அடி ரோட்டை ஒட்டிய ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். கீழே இட்லி வியாபாரம் செய்யும் வீடு, மேலே நாங்கள். மற்ற நாள்களில் எனக்கு ஃபோர்ட்டில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை. ஆசிரியப் பயிற்சி எதுவும் பெற்றவனில்லை. பக்கத்து வீட்டுப் பையனுக்கு இன்டர்வியூ என்று சொல்லிக்கொடுக்கப்போய், அது இப்படி ஏழெட்டு வருடமாக ஓடுகிறது.

முதல் நாள் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, “எதுக்கு இங்கிலீஷ் படிக்க வந்திருக்கீங்க? தமிழோ இந்தியோ, எதுல வேணா எழுதுங்க” என்பேன். ஒரு தடவை 22 பேர் வந்திருந்தார்கள். 19 சீட்டில் “வேலைக்கு” என்று இருந்தது. மிச்சம் மூன்றில் “நல்ல வேலைக்கு”. மூன்றாவது மாதம் எண்ணிப் பார்த்தபோது அறையில் ஒன்பது பேர். நின்றுபோன 13 பேரும், நிலைத்த ஒன்பது பேரும் எழுதியது ஒரே பதில்தான்!

நின்றுபோனவர்களைப் பற்றி எல்லாரும் சொல்வது, “அவனுக்கு ஆர்வமில்ல, விடுங்க.” நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் இந்த விஷயத்தை ஆராய்ந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அறுபது வருடத்துக்கும் மேலாக இதையே குடைந்துகொண்டிருக்கிறார்கள். அதில் எனக்குப் புரிந்ததை, என் வகுப்பை வைத்துச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி. ஆய்வாளர்கள் பேசுவது ஆர்வத்தைப் பற்றி இல்லை, உந்துதலைப் பற்றி. இரண்டும் ஒன்றில்லை. சயான் ஸ்டேஷனில் காலை எட்டரை மணிக்கு நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் போகும் வண்டியில் ஏறுகிறீர்கள், உள்ளே நுழைய எவ்வளவு முட்டி மோதுகிறீர்கள், ஏறிய பிறகு எத்தனை ஸ்டேஷன் அந்த நெரிசலைத் தாங்குகிறீர்கள் என்று மூன்று கேள்வி இருக்கிறது. இந்த மூன்றையும் தீர்மானிப்பது எதுவோ அதுதான் உந்துதல். லோக்கலில் தொங்கிக்கொண்டு போவதில் யாருக்கும் ஆர்வம் கிடையாது. ஆனாலும் தினமும் போகிறோம். மாறாக, ஆங்கிலத்தின் மேல் கொள்ளை ஆர்வம் இருந்தும் ஒரு மாதம்கூடத் தாங்காதவர்களை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

இதை முதன்முதலில் ஒழுங்காக அளக்கப் பார்த்தவர்கள் கனடாக்காரர்கள். மாண்ட்ரியல் நகரத்தில் ஆங்கிலம் பேசுகிறவர்களும் பிரெஞ்சு பேசுகிறவர்களும் அடுத்தடுத்த தெருவில் வாழ்கிறார்கள். ஆங்கிலம் பேசும் பள்ளிப் பிள்ளைகள் பிரெஞ்சு படிக்கிறார்கள். சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை. மூளைக் கூர்மையை மட்டும் வைத்து இதை விளக்க முடியவில்லை. ராபர்ட் கார்ட்னர், வாலஸ் லாம்பர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1959இல் வெளியிட்ட ஆய்வில், மொழி படிப்பதற்கான நோக்கங்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். வேலை, சம்பளம், மதிப்பெண் என்று மொழியை ஒரு கருவியாகப் பார்ப்பது ஒன்று. அந்த மொழி பேசும் மனிதர்களைப் பிடித்துப்போய், அவர்களோடு சேர்ந்து பழக நினைப்பது இன்னொன்று. முதலாவதைக் கருவி நோக்கம் என்றும் இரண்டாவதைச் சேர்க்கை நோக்கம் என்றும் வைத்துக்கொள்வோம். மாண்ட்ரியலில் சேர்க்கை நோக்கம் உள்ளவர்களே நன்றாகப் படித்தார்கள்.

சேர்க்கை நோக்கம் என்ன செய்யும் என்பதற்கு மும்பைத் தமிழர்களுக்கு வெளியே உதாரணம் தேட வேண்டாம். நமக்கு இந்தி வந்த கதைதான் அது. எனக்கு யாரும் இந்தி வகுப்பு எடுக்கவில்லை. ஆறு வயதில் நாக்காவில் (எங்கள் ஊரில் தெருமுனைக்கு அப்படித்தான் பெயர்) கிரிக்கெட் ஆடிய பையன்கள் என்னை ஆட்டத்தில் சேர்க்க வேண்டும் என்றால் “அவுட்டில்லை” என்று இந்தியில் சண்டை போடத் தெரிய வேண்டும். ஒரே கோடை விடுமுறையில் கற்றுக்கொண்டேன். இலக்கணம் இன்றைக்கும் தப்புதான்; ஆண்பால் பெண்பால் எனக்கு இன்னமும் உருளும். ஆனால் அந்த மொழியில் எனக்கு ஒருநாளும் பயம் வந்ததில்லை.

ஆங்கிலத்துக்கு அப்படி ஒரு நாக்கா உண்டா?

இந்தக் கேள்வியை இதே ஊரில் ஒருவர் ஆராய்ந்திருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. யாஸ்மீன் லுக்மானி என்ற ஆய்வாளர் 1972இல் வெளியிட்டது அது. பம்பாயில் மராத்தி பேசும் 60 உயர்நிலைப் பள்ளி மாணவிகளிடம், ஏன் ஆங்கிலம் படிக்கிறீர்கள் என்று கேட்டு, அவர்களுடைய ஆங்கிலத் திறமையையும் சோதித்தார். அதிகம் மேல்நாட்டுச் சாயல் படியாத குடும்பத்துப் பெண்கள். இங்கே மாண்ட்ரியல் கதை தலைகீழாக வந்தது. கருவி நோக்கம் வலுவாக இருந்தவர்களே ஆங்கிலத்தில் மேலாக இருந்தார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் கார்ட்னரும் லாம்பர்ட்டும் பிலிப்பைன்ஸில் போய்ப் பார்த்தபோது, அங்கேயும் கருவி நோக்கத்துக்குத் தனி வலு இருப்பதைக் கண்டார்கள்.

யோசித்தால் இதில் வியப்பு ஒன்றுமில்லை. மாண்ட்ரியல் பையன் சேர்ந்து பழக நினைக்கும் பிரெஞ்சுக்காரர் அடுத்த தெருவில் இருக்கிறார். பம்பாய்ப் பெண் யாரோடு சேர்வாள்? 2011 கணக்கெடுப்பில், 121 கோடிப் பேர் உள்ள நாட்டில் ஆங்கிலத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 2.6 லட்சம் பேர்தான். இரண்டாவது, மூன்றாவது மொழியாகத் தெரியும் என்று சொன்னவர்களோ 12 கோடிக்கும் மேல். அதாவது இங்கே ஆங்கிலத்துக்குத் தெரு கிடையாது. அலுவலகம் உண்டு, கோர்ட்டு உண்டு, கல்லூரி உண்டு, கொஞ்சம் காபிக் கடை உண்டு. எனவே “வேலைக்கு” என்று சீட்டில் எழுதிய பிள்ளைகள் யோசிக்காமல் எழுதினார்கள் என்று சொல்ல முடியாது. ஊர் நிலவரத்தைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அந்த நிலவரத்துக்குக் கணக்கும் உண்டு. 2005ஆம் ஆண்டு இந்தியக் குடும்பங்களிடம் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பை வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் மூவர் 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். படிப்பு, வயது எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும், ஆங்கிலம் சரளமாகப் பேசும் ஆண்களின் மணிக்கூலி, பேசவே தெரியாதவர்களுடையதைவிட 34 சதவீதம் அதிகம். சுமாராகப் பேசினாலே 13 சதவீதம் அதிகம். இந்த இரண்டு எண்ணோடு நிறுத்திக்கொண்டு விளம்பரப் பலகை அடிக்கிறவர்கள் நிறைய. ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இளைய தொழிலாளர்களில் நல்ல படிப்பும் சேர்ந்து இருந்தவர்களுக்குத்தான் ஆங்கிலத்தால் கூடுதல் கூலி கிடைத்தது. டிகிரியைப் பாதியில் விட்டுவிட்டு “ஸ்போக்கன் இங்கிலீஷ்” மட்டும் முடிக்கலாமா என்று கேட்டு வரும் பையன்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன். பாதிப் பேருக்குப் பிடிப்பதில்லை.

சரி, எல்லாருக்கும் லாபம் என்றால் எல்லாரும் ஒரே வேகத்தில் ஓட வேண்டுமே? ஏன் என் வகுப்பில் எப்போதும் பெண்பிள்ளைகள் அதிகம், பையன்கள் குறைவு?

இதற்கும் பதில் பக்கத்திலேயே, தாதரில் கிடைத்தது. கைவன் முன்ஷி, மார்க் ரோசன்ஸ்வைக் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு. தாதரில் மராத்திக் குடும்பங்கள் இருபது வருடமாகப் பிள்ளைகளை எந்த வழிக் கல்வியில் சேர்த்தன என்று பார்த்தார்கள். 1990களில் ஆங்கிலத்துக்குக் கிடைக்கும் பலன் ஏறியது. ஆனாலும் உழைப்பாளிச் சாதிகளில் பையன்களை மராத்திப் பள்ளியிலேயே தொடர்ந்து போட்டார்கள். பெண்பிள்ளைகளோ வேகமாக ஆங்கிலப் பள்ளிக்கு மாறினார்கள். காரணம், பையன்களுக்கு மாமன், சித்தப்பன் என்று சாதிக்காரர்கள் பிடித்துத் தரும் வேலை தயாராக இருந்தது. அந்த வேலைக்கு ஆங்கிலம் வேண்டாம். பெண்களுக்கு அந்த வலைக்குள் முதலிலிருந்தே இடமில்லை. அதனால் அதை விட்டுப் போவதில் நஷ்டமும் இல்லை.

எங்கள் பக்கத்துக்கு இது அப்படியே பொருந்தும். திருநெல்வேலியிலிருந்து தோல் வேலைக்கு வந்த குடும்பங்கள், இட்லி வியாபாரம் பண்ணுகிறவர்கள். பையனுக்கு “ஒண்ணும் ஆகலைன்னா மாமா பட்டறைக்குப் போ” என்று ஒரு வழி எப்போதும் திறந்திருக்கிறது. அது கெட்ட வழி என்று நான் சொல்லவில்லை. பட்டறையில் என்னைவிட நன்றாகச் சம்பாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பெண்ணுக்கு அந்த வழி இல்லை. அவளுக்கு டிகிரியும் ஆங்கிலமும் இல்லாவிட்டால் கல்யாணம்தான். அவள் மழையிலும் ஏழரை மணிக்கு வந்து உட்காருவதற்கு ‘ஆர்வம்’ என்று பெயர் வைத்துவிட்டு, பையனுக்கு ஆர்வமில்லை என்று முடிப்பது எவ்வளவு தப்பு என்று இதைப் படித்த பிறகுதான் உறைத்தது. உந்துதலில் பாதி ஆளுக்கு வெளியே இருக்கிறது.

மீதிப் பாதி உள்ளே. அதற்கு வருகிறேன்.

எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் 1971இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. கல்லூரி மாணவர்களிடம் துண்டுக் கட்டைகளைச் சேர்த்து வடிவம் அமைக்கும் புதிர் ஒன்றைக் கொடுத்தார். பிள்ளைகள் சந்தோஷமாக ஆடினார்கள். இரண்டாவது தடவை ஒரு பாதிப் பேருக்கு மட்டும், புதிர் ஒன்றுக்கு ஒரு டாலர். மூன்றாவது தடவை காசு கிடையாது. நடுவில் எட்டு நிமிடம் அவர் வெளியே போய்விடுவார். அறையில் பத்திரிகைகளும் கிடக்கும், புதிரும் கிடக்கும், என்ன வேண்டுமானாலும் செய்யலாம். காசு வாங்கிப் பழகியவர்கள், காசு நின்றதும் புதிரைத் தொடும் நேரத்தைக் குறைத்துக்கொண்டார்கள். விளையாட்டாக இருந்தது வேலையாகிவிட்டது.

இதை வைத்து, பரிசும் பயமுறுத்தலும் கூடாது என்று முடிவு கட்ட வேண்டாம். புதிர் ஏற்கெனவே சுவையானது. ஆங்கில இலக்கணம் அப்படியில்லை. டெசியும் ரிச்சர்ட் ரையானும் பிறகு வளர்த்த கோட்பாடு இதைவிட நுணுக்கமானது. வெளியிலிருந்து வரும் உந்துதல் எல்லாம் ஒரே ரகம் இல்லை, அதில் படிகள் இருக்கின்றன என்கிறார்கள். என் வகுப்பில் காதில் விழுந்த பேச்சுகளையே சொல்கிறேன், படிகள் தானாகத் தெரியும். “படிக்கலைன்னா கே.டி. விழுந்துரும்ணே.” (வெளியூர்க்காரர்களுக்கு: மும்பைக் கல்லூரிகளில் ஒரு பாடம் நிலுவையில் நின்றால் அதற்குப் பெயர் கே.டி.) “பெரியப்பா பையன் பேசுறான், நான் பேசலைன்னா அம்மாவுக்கு அசிங்கமா இருக்கு.” “ஆடிட்டர் ஆகணும்னா இது இல்லாம ஆகாது, அதனால நானே உக்காந்து படிக்கிறேன்.” கடைசியாக, எப்போதாவது ஒரு குரல்: “ஒரு பாட்டு முழுசா புரிஞ்சுதுண்ணே, சப்டைட்டில் இல்லாம!”

முதல் பேச்சில் கயிறு முழுக்க அடுத்தவர் கையில். இரண்டாவதில் கயிறு உள்ளே வந்துவிட்டது, ஆனால் கழுத்தில் சுற்றியிருக்கிறது. மூன்றாவதில் அது தன் கையில். நான்காவதில் கயிறே இல்லை. தேர்வு முடிந்ததும் முதல் ரகம் காணாமல் போகும். இரண்டாவது ரகம் வரும், ஆனால் முகம் வாடி வரும். மூன்றாவது ரகம்தான் வருடக்கணக்கில் தாங்குகிறது என்பது என் அனுபவம். மூன்றாவதும் ‘வேலைக்கு’தான் என்பதைக் கவனியுங்கள். ஆடிட்டர் வேலை. அந்த 22 சீட்டிலும் ஒரே சொல் இருந்ததன் ரகசியம் இங்கே கொஞ்சம் பிடிபடுகிறது.

இன்னும் தெளிவாகப் பிடிபட வைத்தவர் ஸோல்தான் தோர்ன்யெய் என்ற ஹங்கேரிக்காரர். 1993 முதல் 2004 வரை மூன்று கட்டமாக, ஹங்கேரியில் 13,000க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளிடம் மொழி படிப்பதைப் பற்றிக் கேட்டார்கள். அங்கேயும் சேர்க்கை நோக்கம்தான் முக்கியம் என்று கணக்கு வந்தது. ஆனால் ஹங்கேரிக் கிராமத்துப் பிள்ளைக்கும் ஆங்கிலம் பேசும் பக்கத்து வீடு கிடையாதே! அப்படியானால் அந்தப் பிள்ளை யாரோடு சேர நினைக்கிறது? அவர் கண்டடைந்த பதில் எனக்கு மிகவும் பிடித்தது: நாளைக்கு ஆகப்போகும் தன்னோடுதான். ஆங்கிலம் பேசும் ஒரு ‘நான்’ அந்தப் பிள்ளையின் கற்பனையில் இருக்கிறது. இன்றைய நானுக்கும் அந்த நானுக்கும் உள்ள தூரம் உறுத்த ஆரம்பித்தால் கால் தானாக நடக்கும்.

2005இல் அவர் முன்வைத்த இந்தக் கோட்பாட்டில் மூன்று பங்கு. நான் ஆக விரும்பும் நான். நான் ஆகியே தீர வேண்டும் என்று மற்றவர்கள் எதிர்பார்க்கும் நான். பெரியப்பா பையன் கதை இதில் சேரும். மூன்றாவது, இன்றைக்கு இந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கிறது என்பது. டீச்சர் எப்படி, பக்கத்தில் யார், போன வாரம் ஏதாவது புரிந்ததா இல்லையா.

முதல் பங்கை நான் வகுப்பில் சோதித்துப் பார்த்திருக்கிறேன். “அஞ்சு வருஷம் கழிச்சு உங்க ஒரு நாளைத் தமிழ்ல எழுதுங்க. காலையில எந்திரிக்கிறதுலேர்ந்து. அதுல இங்கிலீஷ் எங்க வருது, யார்கிட்ட, என்ன பேசுறீங்கன்னு மட்டும் கோடு போடுங்க.” சட்டம் படிக்கும் ஒரு பெண் பக்கம் பக்கமாக எழுதினாள். ஃபோர்ட்டில் ஹைகோர்ட்டு, கறுப்பு அங்கி, கட்சிக்காரரிடம் மராத்தியில் பேசிவிட்டு உள்ளே போய் நீதிபதியிடம் ஆங்கிலத்தில் வாதாடுவது. அவள் கற்பனையில் ஓட்டை இல்லை. உயர் நீதிமன்ற நடவடிக்கை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 348ஆம் பிரிவு சொல்கிறது. அதை அவளே எனக்குச் சொன்னாள். பக்கத்தில் டி.ஒய்.பி.காம் (மூன்றாம் ஆண்டு பி.காம்) படிக்கும் தம்பி எழுதியது இரண்டே வரி: “ஆஃபீஸ் போவேன். இங்கிலீஷில் பேசுவேன்.” யாரிடம் என்று கேட்டேன். “எல்லார்கிட்டயும்.” எந்த ஆஃபீஸ்? “ஏதோ ஒரு ஆஃபீஸ்ணே.” அடுத்த மாதம் அவன் வரவில்லை. அவன் சோம்பேறி இல்லை. போய்ச் சேர வேண்டிய இடம் அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அப்பா, மாமா, அண்ணன் யாரும் ஆஃபீஸுக்குள் போனதில்லை என்றால் அவன் எதை வைத்து வரைவான்?

அதிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை நாலைந்து பேரை என் அலுவலகத்துக்குக் கூட்டிப்போகிறேன். அங்கே நாள் முழுக்க எல்லாரும் இந்தியும் மராத்தியும் பேசுவதைப் பார்த்துப் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். மெயில் மட்டும்தான் ஆங்கிலம். “அப்ப எனக்கு மெயில் எழுதச் சொல்லிக் குடுங்கண்ணே, பேசுறது அப்புறம் பாத்துக்கலாம்” என்று ஒருவன் அன்றைக்கே கேட்டான். தேவை இவ்வளவு சின்னதாகச் சுருங்கினால் உந்துதல் குறையும் என்று நினைப்போம். நேர்மாறாக நடந்தது. மலை என்று நினைத்தது திட்டாணி என்று தெரிந்ததும் ஏறிவிட்டான்.

கடைசியாக, வகுப்பில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கிறது என்ற மூன்றாவது பங்கு. உண்மையைச் சொன்னால் எங்கள் பிள்ளைகளுக்கு இதுதான் முதல் பிரச்சினை. அதன் பெயர் பயம்.

எலைன் ஹார்விட்ஸும் கூட்டாளிகளும் 1986இல், அந்நிய மொழி வகுப்பில் வரும் பதற்றம் ஒரு தனி ரகம் என்று காட்டி, அதை அளக்க 33 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலையும் செய்தார்கள். மற்ற பாடத்தில் தப்பு செய்தால் பதில்தான் தப்பு. மொழியில் தப்பு செய்தால் ஆளே தப்பாகத் தெரிகிறான். வளர்ந்த மனிதன், தாய்மொழியில் சாமர்த்தியமாகப் பேசுகிறவன், திடீரென்று மூன்று வயதுக் குழந்தையாகி நிற்கிறான்.

நான் ஏழாவது வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி, எட்டாவதிலிருந்து ஆங்கில வழி. எஃப்.ஒய். (கல்லூரி முதல் ஆண்டு) சேர்ந்த புதிதில் வகுப்பில் எழுந்து எந்தப் பள்ளியிலிருந்து வருகிறேன் என்று சொல்லச் சொன்னார்கள். ‘இஸ்கூல்’ என்று ஆரம்பித்தேன். முன் வரிசை சிரித்தது. பாடம் எடுத்தவரும் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் இல்லை என்று இப்போது தெரிகிறது. ‘வெர்னாக்’ என்று ஒரு பட்டம் உண்டு, தாய்மொழி வழியில் படித்து வந்தவர்களுக்கு இந்த ஊர்க் கல்லூரியில் கொடுப்பது. அன்றைக்கு எனக்கும் கிடைத்தது. டி.ஒய். முடியும்வரை கடைசி பெஞ்சை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. என் ரெக்கார்டைப் பார்த்த யாரும் ‘ஆர்வமில்லாத மாணவன்’ என்றுதான் எழுதியிருப்பார்கள். வீட்டில் ராத்திரி போர்வைக்குள் ரேடியோவில் ஆங்கிலச் செய்தி கேட்டு வாயசைத்துக்கொண்டிருந்தது யாருக்குத் தெரியும்?

இது ஒரு பக்கத்து அடி. இன்னொரு பக்கத்து அடி இதைவிடப் பலம். கல்லூரியிலிருந்து திரும்பி நாக்காவில் நண்பர்களிடம் ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் தவறி விழுந்துவிட்டால், “டேய், பீட்டர் விடாத!” அங்கே பேசவில்லை என்று சிரிப்பு, இங்கே பேசினான் என்று சிரிப்பு. மாண்ட்ரியல்காரர்களின் சேர்க்கை நோக்கத்தை இந்த இடத்தில் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கூட்டத்தில் சேர்வதற்காக மொழி படிக்கிறோம் என்றால், இருக்கும் கூட்டத்திலிருந்து விலகுகிறோமோ என்ற கேள்வியும் கூடவே வருகிறது. ஆறு வயதில் இந்தி கற்றபோது எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை, ஏனென்றால் அதைக் கற்றதால் யாரும் என்னைத் துரை என்று சொல்லவில்லை. பத்தொன்பது வயதுப் பையனுக்கு நண்பர்கள்தான் உலகம். நாளைக்கு வரப்போகும் 34 சதவீதத்துக்காக இன்றைய நாக்காவை எவன் இழப்பான்? நின்றுபோன அந்த 13 பேரில் எத்தனை பேர் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுப் போனார்களோ!

எனவே எங்கள் அறையில் சட்டம் ஒன்றுதான்: ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை யாரும் எவ்வளவு வேண்டுமானாலும் பீட்டர் விடலாம், சிரிக்கிறவன் எல்லாருக்கும் கட்டிங் சாய் வாங்கித் தர வேண்டும். தமிழ், இந்தி கலந்து பேசினாலும் தடையில்லை. நண்பர்களாக வருகிறவர்களைச் சேர்ந்தே உட்கார வைக்கிறேன். முன்பெல்லாம் பிரித்து உட்கார வைப்பேன், அது முட்டாள்தனம். மூன்று பேர் சேர்ந்து வந்தால் நாக்காவே வகுப்புக்கு வந்த மாதிரி. தனியாக வந்தவனைவிட அப்படி வந்தவர்கள் அதிக நாள் நிற்கிறார்கள்.

சீட்டுக் கேள்வியையும் மாற்றிவிட்டேன். “எதுக்கு” என்று கேட்டால் ‘வேலைக்கு’ என்றுதான் வரும். இப்போது, “யார்கிட்ட, என்ன சொல்லணும்?” என்று கேட்கிறேன். பதில்கள் கலைந்து வருகின்றன. பேங்க்கில் கார்டுக்கு ஏன் பணம் பிடித்தார்கள் என்று எழுதிக் கேட்க. புராஜெக்ட் வைவாவில் தன் பங்கைத் தானே சொல்ல. துபாயில் இருக்கும் அண்ணனின் முதலாளி போன் பண்ணினால் பேச. எஸ்.ஒய். (இரண்டாம் ஆண்டு) படிக்கும் ஒரு பையன், கிட்னிக் கோளாறில் இருக்கும் அப்பாவின் ஆஸ்பத்திரிக் காகிதத்தைத் தானே படித்து டாக்டரிடம் கேள்வி கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தான். டாக்டர் இந்தியில்தான் பேசுகிறாராம். காகிதம் மட்டும் ஆங்கிலம்.

போன ஞாயிறு அந்த டிஸ்சார்ஜ் காகிதத்தையே, அவன் சம்மதத்தோடு, பாடமாக வைத்தோம். பதினோரு பேர் தரையில் அகராதியும் போனுமாக உட்கார்ந்தார்கள். நான்கு சொல் எனக்கே தெரியவில்லை. ஒன்பதரை தாண்டி, பத்தரைக்குக் கீழ் வீட்டு அக்கா மேலே வந்து, “என்ன இன்னைக்கு யாரும் கிளம்பலையா?” என்று கேட்டார்.